மேடை யார் வாசலில்? – விளிம்புநிலை மக்களின் விழாவும் பொதுப்பணமும்

2023 ஜனவரி 13 அன்று சென்னைத் தீவுத்திடலில் 'சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா' தொடங்கியது. பறையாட்டம், கரகாட்டம், ஒயிலாட்டம், தெருக்கூத்து எனத் தமிழ்நாட்டின் பல மூலைகளிலிருந்தும் கலைஞர்கள் வந்திருந்தார்கள். பொங்கல் நாட்களில் நகரின் 18 இடங்களில், பூங்காக்களிலும் விளையாட்டுத் திடல்களிலும், கட்டணமின்றி மக்கள் பார்த்தார்கள். நடத்தியது மாநில அரசின் கலை பண்பாட்டுத் துறை. அந்த ஆண்டு நிதிநிலை அறிக்கையில் இவ்விழாவை மேலும் 8 நகரங்களுக்கு விரிவாக்குவதாக அறிவித்தார்கள். கோவை, மதுரை, திருச்சி, சேலம், தஞ்சை, வேலூர், காஞ்சிபுரம், நெல்லை. நாகர்கோவிலின் பெயர் அதில் இல்லை.

இதை ஒரு சிறு மனக்குறையாக எண்ணி விட்டுவிடலாம். நெல்லை ஒன்றும் தொலைவில் இல்லை, பேருந்து ஏறினால் இரண்டு மணி நேரம். ஆனால் 2007இல் இவ்விழாவை முதன்முதலாகத் தொடங்கிய இருவரில் ஒருவர், 'தமிழ் மையம்' அமைப்பை நடத்திய அருட்பணி ஜெகத் கஸ்பார், நம் குமரி மாவட்டத்துக்காரர். மற்றவர் கனிமொழி. அன்றும் அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறைகள் துணை நின்றன. 2011இல் ஆட்சி மாறியதும் விழா நின்றது. மீண்டும் ஆட்சி மாறிய பின், 2023இல் திரும்பி வந்தது. ஒரு மக்கள் விழாவின் ஆயுள் கோட்டையில் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்திருக்குமானால், அது யாருடைய விழா?

சங்கமத்தின் நன்மையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. சாவு வீட்டுக்கும் ஊர் எல்லைக்கும் ஒதுக்கப்பட்டிருந்த பறை, மாநகரின் பூங்காவில் முதல் மரியாதையோடு ஒலித்தது. அதைக் கேட்ட பிள்ளைகள் அதற்கு ஆடினார்கள். அது எளிய காரியம் அல்ல. எனினும் விழா முடிந்ததும் கலைஞர் பேருந்தேறித் தம் சேரிக்குத் திரும்பினார். சேரிக்கு யாரும் வரவில்லை. ஊர்த் தெருவில் அவர் நின்ற இடத்திலேயே இன்னும் நிற்கிறார். கலையை மட்டும் அழைத்துக் கொண்டு, அதைப் பெற்றெடுத்த தெருவை அங்கேயே விட்டுவிடுவது எளிதாக நடந்துவிடுகிறது.

நாம் இங்கே எழுப்ப விரும்பும் கேள்வி இதுதான். நாஞ்சில் நாட்டு வயலோரக் குடியிருப்புகளும், ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடலோர ஊர்களும், தங்கள் வாழ்வையும் கலையையும் தங்கள் தெருவிலேயே கொண்டாட, மாநகராட்சியிடமும் மாவட்ட நிர்வாகத்திடமும் பொதுப்பணம் கேட்கலாமா? கேட்க வேண்டும் என்பதே நம் கருத்து. கை நீட்டி அல்ல, கணக்குக் காட்டிக் கேட்க வேண்டும்.

நம் பங்கு மக்களுக்குச் சட்டென்று ஒரு தயக்கம் வரும். 'நம் திருவிழாவை நாம்தானே நடத்துகிறோம், அரசு எதற்கு?' உண்மைதான். பத்து நாள் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு வரி எழுதுகிறோம். கடலோரத்தில் மீன் ஏலத்திலிருந்தே கோயிலுக்கு ஒரு பங்கு போகும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளை ஒரு நாள் சிறப்பை ஏற்றுக் கொள்கிறான். கொடியேற்றமும் தேர்ப்பவனியும் நம் பக்தி. அதற்கு அரசுப் பணம் கேட்பது முறையும் அன்று. எந்த ஒரு சமயத்தையும் வளர்ப்பதற்கென வரி கொடுக்க எவரையும் வற்புறுத்தலாகாது என்பது அரசியல் சாசனத்தின் 27ஆம் பிரிவு. சிறுபான்மையினரான நமக்கு அந்தச் சுவர் பாதுகாப்பு. அதில் ஓட்டை போட நாமே முன்நிற்கக் கூடாது. மேலும் 1982இல் மண்டைக்காட்டில் நடந்ததை மறக்காத மாவட்டம் இது. ஊர்வலம் எந்தத் தெருவில் போகும், ஒலிபெருக்கி எந்தத் திசை பார்க்கும் என்பதெல்லாம் இங்கே நெருப்போடு விளையாடும் காரியங்கள்.

நாம் பேசுவது வேறொரு விழா. கொடிமரம் இல்லாத விழா. ஒரு குடியிருப்பின் வரலாறு, உழைப்பு, உணவு, பாட்டு, விளையாட்டு ஆகியவற்றை எல்லாச் சமயத்தாரும் சேர்ந்து கொண்டாடுவது. கணியான் கூத்தின் மகுடமும், தோல்பாவைக் கூத்தும், வில்லுப்பாட்டும், நம் கத்தோலிக்க ஊர்களில் புனிதர் கதைகளைப் பாடி ஆடிய களியலும் ஒரே களத்தில் வரக்கூடியது. இதற்குப் பொதுப்பணம் கேட்பதை 27ஆம் பிரிவு தடுக்கவில்லை.

அதே அரசியல் சாசனத்தில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு பிரிவு இருப்பதை நம்மில் பலர் அறிவதில்லை. 290அ. 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழகத்தோடு இணைந்த பகுதிகளின் இந்துக் கோயில்களைப் பேண, ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாயை மாநில அரசு தர வேண்டும் என்று அது சொல்கிறது. கேரளத்துக்கும் இதே பிரிவில் 46.5 லட்சம் எழுதப்பட்டிருக்கிறது. மாநில அரசு பின்னாளில் இதற்கு மேலும் மானியம் வழங்கியிருக்கிறது. 'அவர்களுக்கு மட்டும் அரசு கொடுக்கிறதே' என்று தேநீர்க் கடையில் பேசுவோர் உண்டு. அப்படிப் பேசுவது சரியல்ல. ஏறத்தாழ 1811–12இல், கர்னல் மன்றோ திவானாக இருந்த காலத்தில், திருவிதாங்கூர் அரசு நூற்றுக்கணக்கான கோயில்களை அவற்றின் நிலங்களோடு எடுத்துக் கொண்டது. நிலத்தின் வருமானம் கருவூலத்துக்குப் போனது. எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் திருப்பித் தருவதே இந்தத் தொகை. அது சலுகை அல்ல, கடன்.

இந்தத் தர்க்கத்தை நாம் மனதார ஏற்கிறோம். ஏற்றபின் ஓர் அடி மேலே வைக்க வேண்டும். அந்தக் கோயில் நிலங்களில் சேற்றில் நின்று நட்டவர்கள் யார்? அறுத்துச் சுமந்தவர்கள் யார்? திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12ஆம் நாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, அந்த நெல்லால் எரிந்த விளக்கின் வெளிச்சத்தை அருகில் நின்று பார்க்கவும் அவர்களுக்கு உரிமை இல்லை. எடுத்துக் கொண்ட நிலத்துக்கு ஈடு உண்டென்றால், எடுத்துக் கொண்ட உழைப்புக்கும் மறுத்த மாண்புக்கும் ஈடு கேட்பதில் என்ன தவறு? ஒரு விழா அந்தக் கடனைத் தீர்த்துவிடாது. ஆனால் கடன் இருக்கிறது என்று ஊரறியச் சொல்லும்.

உலகில் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1958இல் இலண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறிய கறுப்பின மக்கள் மீது வெள்ளையர் கும்பல்கள் தாக்குதல் நடத்தின. சில மாதங்களில், 1959 ஜனவரி 30 அன்று, கிளாடியா ஜோன்ஸ் என்ற கறுப்பினப் பெண்மணி செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியக் கொண்டாட்டத்தை நடத்தினார். அடிபட்ட மக்கள் மனுப் போட்டார்கள், ஊர்வலம் போனார்கள், அத்தோடு ஆடவும் செய்தார்கள். 1966 முதல் நாட்டிங் ஹில் தெருக்களிலேயே விழா நடக்கலாயிற்று. இன்று ஐரோப்பாவின் மிகப் பெரிய தெருவிழாக்களுள் அது ஒன்று. அப்படியிருந்தும் 2025இல் அமைப்பாளர்கள் அவசர நிதி வேண்டி அரசுக்குக் கடிதம் எழுத நேர்ந்தது. இலண்டன் மாநகர நிர்வாகமும் இரு பகுதி மன்றங்களும் சேர்ந்து ஏறக்குறைய 9 லட்சத்து 58 ஆயிரம் பவுண்டு தந்தன. எதற்காக? கூட்டத்தைப் பாதுகாப்பாக நடத்த. நகரம் அந்த மக்களின் பண்பாட்டுக்குக் கொடுக்கத் தயங்கியதைக் கூட்ட நெரிசலுக்கு அஞ்சிக் கொடுத்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. எளியவர் விழா என்றதும் நிர்வாகத்துக்கு முதலில் நினைவுக்கு வருவது தடியும் தடுப்புக் கட்டையும்தான். இங்கும் அப்படித்தானே!

நம் நாட்டிலும் வேறு வழிகளில் முயன்றவர்கள் இருக்கிறார்கள். சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியலாளர் நித்யானந்த் ஜெயராமனும் மீனவ மக்களோடு சேர்ந்து ஒரு விழாவைத் தொடங்கினார்கள். சபா மண்டபங்களில் அடைபட்டிருந்த கர்நாடக இசையும் பரதமும் பறையோடும் வில்லுப்பாட்டோடும் குப்பத்து மணலில் ஒரே மேடை ஏறின. பெருநிறுவன விளம்பரம் இல்லை, தொண்டர்களும் நன்கொடைகளுமே பலம். 'கச்சேரி வந்ததால் குப்பத்துக்குக் கழிவுநீர்க் குழாய் வந்ததா?' என்று கேட்டவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் அதுவரை அந்தத் தெருவில் கால் வைக்காத நகரத்தார் அங்கே வந்து மணலில் அமர்ந்தார்கள். சங்கமம் கலைஞரை நகரத்துக்கு அழைத்தது, குப்பத்து விழா நகரத்தைக் குப்பத்துக்கு அழைத்தது. இரண்டாவதே நமக்கு நெருக்கமாகப் படுகிறது. 2020 டிசம்பரில் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' இன்னொரு வழி. சபாக்களின் மாதத்திலேயே ஒப்பாரியையும் கானாவையும் மேடையேற்றியது.

திருச்சபைக்கும் இதில் பங்கு உண்டு, அதிகம் பேசப்படாத பங்கு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களிலேயே தலித் கலை விழாக்களை நடத்தியது. அது தென்னிந்தியத் திருச்சபை உள்ளிட்ட சீர்திருத்தச் சபைகளின் கல்லூரி. நம் பக்கத்தில், திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்கள் மட்டும், அதுவும் இழிவாகக் கருதப்பட்டு அடித்த கருவியைப் பெண் பிள்ளைகள் நிமிர்ந்து நின்று அடித்தார்கள். மதுரைப் பகுதிப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது நாடே கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தச் சகோதரிகள் அந்த ஒலியின் மாண்பை அறிந்திருந்தார்கள். ஆனால் நம் பங்குத் திருவிழாக்களின் அழைப்பிதழ்களைப் புரட்டினால் என்ன தெரிகிறது? சிங்காரி மேளம், பேண்டு வாத்தியம், சினிமா மெல்லிசை. களியல் எத்தனை ஊரில் இருக்கிறது? பறை எத்தனை ஊரில்?

கடலோரத்தைப் பற்றி ஒரு சொல். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை எனும் பெயர்களை நாடு முதன்முறையாகக் கேட்டது. மக்கள் குழித்துறை இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்த பிறகுதான் ஆட்சியாளர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஓர் ஊரை அதன் சாவின் வழியாக மட்டுமே உலகம் அறிவது பெருங்கொடுமை. சுறா வேட்டைக்கு ஆழ்கடல் போகும் அறிவு, காற்றையும் நீரோட்டத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து வழி சொல்லும் அறிவு, அம்மாமாரின் மீன் கறி, கட்டுமர ஓட்டம் – இவற்றைக் காண நகரத்தார் வரும் ஒரு நாள் வேண்டாமா?

யாரிடம், எப்படிக் கேட்பது? நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியானது. வார்டு தோறும் பகுதி சபைகள் கூட்டும் முறை 2022 முதல் தமிழக நகரங்களில் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் கிராம சபை உண்டு. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்கள் அதற்குரியவை. தனி ஆள் கொண்டு போகும் மனு மேசையில் கிடக்கும். சபையின் தீர்மானம் பதிவேட்டில் ஏறும், தணிக்கைக்கும் அது பதில் சொல்லும். கலை பண்பாட்டுத் துறை, சுற்றுலாத் துறை, இயல் இசை நாடக மன்றம் ஆகியவற்றின் கதவைத் தட்டும்போதும் அந்தத் தீர்மானத்தின் நகல் கையில் இருக்க வேண்டும். பங்குத்தந்தையின் பரிந்துரைக் கடிதத்தை விட அதற்கே எடை அதிகம். கடிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கையெழுத்து அந்தத் தெரு மக்களுடையதாக, பிற சமயத்து அண்டை வீட்டாரும் சேர்ந்ததாக இருக்கட்டும்.

பணம் வந்தால் அதோடு ஆட்களும் வருவார்கள். பெரிய பலகை, பெரிய படம், ஒரு மணி நேர வரவேற்புரை, நான்கு பொன்னாடை. கலைஞருக்குக் கிடைப்பது இரவு பதினொரு மணிக்குப் பத்து நிமிடம். ஊதியம் மூன்று மாதம் கழித்து. ஆகவே தீர்மானத்தை எழுதும்போதே சிலவற்றைச் சேர்த்து எழுதிவிட வேண்டும். விழா அந்தக் குடியிருப்பின் உள்ளேயே நடக்கும். விழாக் குழுவில் பாதிக்குமேல் அந்தத் தெருவினர், அதிலும் பெண்கள் பாதிப்பேர். கலைஞரின் ஊதியம் ஆடி முடித்த அன்றிரவே கையில். மேடையில் எவர் படமும் இல்லை. விழாவுக்கு முன் அந்தத் தெருவின் விளக்கும் ஓடையும் செப்பனிடப்படும், விழாவுக்காகப் போட்ட விளக்கு மறுநாள் கழற்றப்படாது.