நிறை ஏறாத பிள்ளையும் மறைந்திருக்கும் சிறுநீர்த் தொற்றும்

மந்தபோசணை என்றதும் சாப்பாட்டைப் பற்றி மட்டுமே பேசுகிறோம். கிளினிக்கில் பிள்ளையை நிறுக்கிறார்கள், நிறை குறைவென்றால் திரிபோஷா கொடுக்கிறார்கள். அடுத்த மாதமும் நிறை ஏறாவிட்டால் பழி தாயின் மேல் விழுகிறது: "ஒழுங்காத் தீத்தேல்லைப் போல." தீத்தியும் ஏறாததற்கு வேறொரு காரணம் இருக்கலாம். அது சிறுநீர்த் தொற்று.

கடும் மந்தபோசணையுள்ள பிள்ளைகளில் இத்தொற்று அடிக்கடி காணப்படுவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. பெரும்பாலும் காரணம் குடலில் வாழும் ஈ.கோலை பக்டீரியா. நோயெதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் காய்ச்சலே வராமல் போகலாம். பசியின்மை, சத்தி, சோர்வு, நிறை ஏறாமை ஆகியவை மட்டுமே அடையாளமாக இருக்கும். தொற்று பசியைக் கெடுக்க, பசியின்மை உடலை மேலும் மெலியச் செய்கிறது. கவனிக்காமல் விட்டால் சிறுநீரகத்தில் நிரந்தரத் தழும்பு விழலாம்.

மன்னாரில் இக்கேள்விக்குப் போரின் பின்னணியும் உண்டு. 2008இல் விடத்தல்தீவு, அடம்பன் பகுதிகளிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் முகாம்களில் வளர்ந்த சிறுமிகள் பலர் இன்று தாய்மார். தாயின் சிறுவயதுப் பட்டினி, அவள் பெறும் பிள்ளையின் பிறப்பு நிறையிலும் தெரியும் என்கிறது மருத்துவம். 2006-07 தேசிய குடித்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில் வடமாகாணம் சேர்க்கப்படவேயில்லை. அதைச் சேர்த்து எடுக்கப்பட்ட 2016 கணக்கெடுப்பில், நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 15 வீதமானோர் உயரத்துக்கேற்ற நிறையின்றி இருந்தனர். 2022 பொருளாதார நெருக்கடி அதன் பின்னர் வந்தது. அப்போது திரிபோஷாவுக்கே தட்டுப்பாடு.

தீர்வு பெரிய செலவுள்ளதல்ல. சிறுநீரில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டி சில நிமிடங்களில் சந்தேகத்தைக் காட்டிவிடும். உறுதிப்படுத்த வளர்ப்புச் சோதனை வேண்டும். அதற்கான மாதிரியை அன்டிபயோட்டிக் தொடங்குமுன் எடுக்க வேண்டும். கடும் மந்தபோசணைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் பரிந்துரைக்கும் அமொக்சிசிலினுக்குப் பல இடங்களில் ஈ.கோலை கட்டுப்படுவதில்லை. ஆகவே மருந்து கொடுத்தாயிற்று என்று இருந்துவிட முடியாது. மாதிரி வெக்கையில் நேரஞ்செல்லக் கிடந்தால் முடிவு பிழைக்கும். முசலிக் கரையோரக் கிராமத்திலிருந்து மன்னார் நகருக்கு பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் குளிர்ப்பெட்டி தேவை.

எனவே சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டியவை மூன்று. இரண்டு மாதம் தொடர்ந்து நிறை ஏறாத ஒவ்வொரு பிள்ளைக்கும் சிறுநீர்ப் பரிசோதனை. தலைமன்னார் முதல் சிலாவத்துறை வரை கிராம கிளினிக்குகளில் அந்தப் பட்டிகள். மாதிரியைக் குளிரில் ஆய்வுகூடம் சேர்க்க ஓர் ஒழுங்கு.

தாய்மாருக்கு ஒன்று: பிள்ளை சிறுநீர் கழிக்கையில் அழுதாலோ, காரணமின்றிச் சாப்பாட்டை வெறுத்தாலோ, காய்ச்சல் இல்லையே என்று காத்திராதீர்கள். "சிறுநீர் பார்க்க வேணுமா?" என்று நீங்களே கேளுங்கள்.