சாலையோர மதுக்கடையும் சட்டமும்

கோடை விடுமுறைக்கு நெடுஞ்சாலை வழியே ஊர் செல்லும் நம்மவர் பலர். அச்சாலைகளின் ஓரத்தில் மதுக்கடை இருக்கலாமா என்னும் வினா நாடு முழுவதும் எழுந்ததற்குக் காரணமானவற்றுள் தமிழ்நாட்டு வழக்கும் ஒன்று என்பதை நம்மில் சிலரேனும் மறந்திருக்கக் கூடும்.

வழக்கறிஞர் பாலு தொடுத்த அவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளின் விளிம்பிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடைக்கு உரிமம் வழங்கலாகாது. கடை சாலையிலிருந்து கண்ணில் படவோ, பலகை வைத்து அழைக்கவோ கூடாது. 2015-இல் மட்டும் 1,46,133 உயிர்களைச் சாலை விபத்துகளுக்குப் பலி கொடுத்த நாட்டில் இக்கட்டளையை மிகையென்று யார் சொல்லக் கூடும்?

2017 மார்ச் 31 அன்று, 20,000 பேருக்கு மேற்படாத ஊர்களுக்குத் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. ஆயினும் ஓட்டல்களும் 'பார்'களும் தப்பவில்லை. இத்தடையை ஒட்டி நிகழ்ந்தவை வேடிக்கையானவை. கடையை அகற்றுவதற்கு மாறாகச் சாலையின் பெயரையே மாற்றத் தலைப்பட்டனர் சிலர். சண்டிகரில் நெடுஞ்சாலைகள் மாவட்டச் சாலைகளாகி விட்டன! கேரளத்து வட பறவூரில் ஒரு மதுக்கூடத்தார் வாயிலில் சுற்றுவழிப் பாதை அமைத்து, நடக்கும் தூரத்தை நீட்டிக் கொண்டனர். குடிக்கப் போகிறவன் வளைந்து வளைந்து உள்ளே செல்வதைக் கற்பனை செய்து பாருங்கள்; திரும்பும்போது வளைவதற்கு அவனுக்குப் பாதை வேண்டுவதில்லை.

ஆனால் வேடிக்கை அவ்வளவோடு நிற்கவில்லை. தமிழ்நாட்டில் 3,000-க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடியவற்றுக்கு மாற்றிடம் தேடியபோது, பெண்களும் குழந்தைகளும் நடமாடும் குடியிருப்புத் தெருக்களுக்கு அவை வரலாயின. 2017 ஏப்ரலில் திருப்பூர் மாவட்டச் சாமளாபுரத்தில் பெண்கள் சாலையில் அமர்ந்து மறியல் செய்ததும் இதனால்தான். லாரி ஓட்டுநரைக் காக்க எழுந்த விதி, இல்லத்தரசியின் வாசலில் கடையைக் கொணர்ந்து நிறுத்தியது. தூரத்தை அளந்தவர்கள், அகன்ற கடை எங்கே போகும் என்பதையும் எண்ணியிருக்க வேண்டாமா?

2017 ஜூலை 11 அன்று, நகராட்சி எல்லைக்குள் உள்ள உரிமங்களுக்கு இத்தடை பொருந்தாது என நீதிமன்றம் விளக்கியது. 2018 பிப்ரவரியில் ஊராட்சிப் பகுதிகளைப் பற்றியும் மாநில அரசுகளே ஆராய்ந்து முடிவு செய்யலாம் என்றது. ஆகவே, தம் தெருவில் கடை வருவதை எதிர்க்க விழையும் அன்பர்கள், 500 மீட்டரை மட்டும் நம்பி மனு எழுத வேண்டா. அவ்விடம் எந்த உள்ளாட்சி எல்லைக்குள் அடங்கும் என்பதையும், பள்ளி, கோயில் ஆகியவற்றிலிருந்து இருக்க வேண்டிய தூரத்தைப் பற்றித் தாம் வாழும் மாநிலத்தின் ஆயத்தீர்வை விதி யாது கூறுகிறது என்பதையும் முதலில் கேட்டறிதல் நன்று.