மீனுக்குக் காப்பு உண்டு, காதுக்கு இல்லை



வாழைச்சேனைத் துறைமுகத்தில் நிற்கும் ஆழ்கடல் இயந்திரப் படகு ஒன்றில் ஏறிப் பாருங்கள். மீன் போடும் ஐஸ் அறையைச் சுற்றித் தடிப்பாகப் போம் அடைத்து, அதற்கு மேல் பைபர் பூசியிருக்கும். வெக்கை உள்ளே போய் மீன் பழுதாகிவிடக் கூடாது. அதற்கு நாம் யாரும் செலவு பார்ப்பதில்லை.

அப்படியே என்ஜின் அறை மூடியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான படகுகளில் வெறும் பைபர், வெறும் பலகை. ஓட்டுபவர் நிற்பதும் மற்றவர்கள் படுப்பதும் அதற்கு மேலே அல்லது பக்கத்திலே. வாரக்கணக்காக இரவும் பகலும் அந்த இரைச்சலுக்குள்தான் எங்கள் ஆட்கள் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள். மீனுக்குப் போடும் காப்பை மனிதனுக்குப் போடாமல் விட்டிருக்கிறோம். இதைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு வர வேண்டும்.

பாடசாலையில் பெற்றோர் கூட்டம் வைத்தால், கடலுக்குப் போகும் வாப்பாமார் சிலர் முன் வரிசையில் வந்து இருப்பதைப் பார்க்கிறோம். "சத்தம் கேக்குது சேர், சொல்றதுதான் விளங்குதில்ல" என்பார்கள். இரைச்சலால் கெடும் காதுக்கு இதுதான் அடையாளம். முதலில் போவது மேல் சுருதி ஓசைகள். ச, ஸ, த போன்ற எழுத்துகள் மங்கும். பிள்ளைகளின் மெல்லிய குரல் மங்கும். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்க் கலங்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. "எங்களுக்கு அந்தச் சத்தம் பழகிப் போச்சு" என்று பெருமையாகச் சொல்கிறோமே, அதில் பாதி பழக்கமல்ல, கேள்வி குறைந்ததுதான்.

கணக்கு இலகுவானது. 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் வேலை செய்யலாம் என்பது உலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும். 88 என்றால் 4 மணித்தியாலம். 91 என்றால் 2. 100 என்றால் வெறும் 15 நிமிடம். தொழிற்சாலையில் வேலை செய்பவர் பின்னேரம் வீட்டுக்கு வந்து காதை ஆற விடுவார். கடலில் இருப்பவருக்கு அந்த ஆறுதலும் இல்லை.

1,600 தொன்னும் அதற்கு மேலும் உள்ள புதிய கப்பல்களுக்கு, உறங்கும் அறையில் இவ்வளவுக்கு மேல் இரைச்சல் இருக்கக் கூடாது என்ற சர்வதேச விதி 2014 ஜூலை முதல் கட்டாயம். மீன்பிடிக் கலங்களுக்கு அந்த விதி பொருந்தாது. ஆகவே நாமாகச் செய்தால்தான் உண்டு.

"என்ஜின் சத்தத்தைக் கேட்டுத்தான் கோளாறைக் கண்டுபிடிப்போம், அதை மூடிவிட்டால் எப்படி?" என்று அனுபவசாலிகள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் காப்புப் போட்டால் என்ஜின் ஊமையாகிவிடாது, இரைச்சல் குறையும், அவ்வளவுதான். வெப்பத்துக்கும் ஒயில் அழுத்தத்துக்கும் எச்சரிக்கை மணி பூட்டலாம். காது போன பிறகு என்ஜினின் சத்தம் மாறுவதும் கேட்காது, ரேடியோவில் வரும் அழைப்பும் விளங்காது.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிழையாகச் செய்வதைவிடச் செய்யாமல் விடுவது மேல். பழைய மெத்தை, சாக்கு, முட்டைத் தட்டு, றெஜிபோம் எதையும் என்ஜின் அறையில் ஒட்டாதீர்கள். மெத்தைப் போம் டீசலையும் ஒயிலையும் உறிஞ்சித் திரி போலாகிவிடும். பற்றினால் வரும் புகை நஞ்சு. நடுக்கடலில் தீயணைப்புப் படை வராது.

சரியான முறை இதுதான். முதலில் இரைச்சல் பிறக்கும் இடத்தைத் திருத்துங்கள். தேய்ந்த மவுண்டிங் ரப்பர், இளகிய ஆணிகள், ஓட்டை விழுந்த புகைக்குழாய். அதிர்வு உடலோடு போனால் எந்த விரிப்பும் அதை நிறுத்தாது. அடுத்து இடுக்குகளை அடையுங்கள். சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது, எவ்வளவு விலை கூடிய விரிப்புப் போட்டாலும் சரி. வயர் போகும் துளைகளை அடைத்து, மூடியைச் சுற்றி ரப்பர் வைத்து இறுக்க வேண்டும்.

அதன் பிறகுதான் விரிப்பு. படகு என்ஜின் அறைக்கென்றே செய்த, தீப்பற்றலைத் தாங்கும் வகை வேண்டும். இரண்டு போம் படைகளுக்கு நடுவே பாரமான படை ஒன்றும், வெளிப்பக்கம் ஒயில் ஊறாத அலுமினியத் தாளும் இருக்கும். போம் சத்தத்தை உறிஞ்சும், பாரம்தான் தடுக்கும். வெக்கையில் பசை விட்டுப் போகும் என்பதால் மேல்பக்கத்தில் ஆணியும் தட்டையான வொஷரும் போட்டுப் பிடிக்க வேண்டும். புகைக்குழாய்க்கும் பெல்ட்டுக்கும் கிட்டப் போகக் கூடாது. அடியில் தண்ணீர் தேங்கும் மட்டத்துக்கு மேலேயே நிறுத்த வேண்டும்.

காற்று வழியை மட்டும் அடைக்காதீர்கள். 6 லீற்றர் டீசல் என்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும்போது ஏறத்தாழ 6,000 லீற்றர் காற்றை ஒரு நிமிடத்தில் இழுக்கும். அந்த வழியை நேராக விடாமல் வளைத்து, உள்ளே அதே விரிப்பை ஒட்டினால் காற்று வரும், இரைச்சல் குறைந்து போகும்.

செலவு யாருடையது? இங்கேதான் எங்கள் கருத்து உறுதியானது. டீசல், ஐஸ், சாமான் போல இதைப் பயணச் செலவில் எழுதித் தொழிலாளியின் பங்கில் கழிக்கக் கூடாது. ஐஸ் அறையைப் போல இதுவும் படகின் ஒரு பகுதி. படகுக்காரர்தான் போட வேண்டும். தன் படகில் ஏறும் மனிதனின் உடம்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மாரியில் கடல் கொந்தளித்துப் படகுகள் கரையில் நிற்கும் நாட்கள் இந்த வேலைக்குத் தோதானவை. மீனவர் சங்கங்கள் பத்துப் படகுக்குச் சேர்த்து வாங்கினால் விலை பேசலாம். ஒரு படகில் முதலில் செய்வோம். உயர்தரத் தொழினுட்பப் பிரிவுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, முன்னும் பின்னும் ஒரே இடத்தில் ஒரே வேகத்தில் இரைச்சலை அளந்து தருவது எங்கள் பொறுப்பு. முன்வரும் படகுக்காரர் கீழே எழுதுங்கள், அல்லது பாடசாலை முடிந்த பிறகு வந்து பேசுங்கள்.