தலையும் உறுப்புகளும்

1841 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் மார்னோக் ஊர் ஆலயத்தில், சபையார் வேண்டாம் என்று சொன்ன ஒருவரை நீதிமன்ற உத்தரவின் பேரில் போதகராக அமர்த்த ஏற்பாடாகியிருந்தது. சபையாரில் அவருடைய அழைப்பில் கையெழுத்திட்டவர் ஊரில் விடுதி நடத்திய ஒருவரே. தங்கள் எதிர்ப்பை வாசிக்கச் செய்தபின், மக்கள் இருக்கைகளில் இருந்த வேதாகமங்களை எடுத்துக்கொண்டு எழுந்து, கொட்டிக்கிடந்த பனியில் இறங்கி நடந்தார்கள்.

போதகரை முன்மொழியும் உரிமையை 1712ஆம் ஆண்டுச் சட்டம் நிலப்பிரபுக்களிடம் கொடுத்திருந்தது. சபைக்குத் தலை கிறிஸ்து என்றால், அவருடைய மந்தைக்கு மேய்ப்பனைத் திணிக்க இவர்கள் யார் என்று கேட்டவர்கள் 1843 மே 18 அன்று எடின்பரோவில் திருச்சபைப் பேரவையிலிருந்து வெளிநடப்புச் செய்தார்கள். ஏறக்குறைய 470 போதகர்கள் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு, தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் சுயாதீனத் திருச்சபையாகக் கூடினார்கள். சென்னையில் ஜான் ஆண்டர்சனும் கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃபும் அவர்களோடு நின்றார்கள். ஸ்ட்ரான்ஷியனில் ஆலயம் கட்ட நிலம் மறுக்கப்பட்டபோது, இரும்பில் மிதக்கும் ஆலயம் ஒன்றைச் செய்து கடற்கழியில் நங்கூரமிட்டார்கள். நூறு பேர் ஏறினால் அது ஓர் அங்குலம் அமிழும் என்பார்கள்.

இந்தத் தியாகத்துக்கு முன் நான் தலைவணங்குகிறேன். ஆனால் வெளிநடப்புக்கு அடுத்த ஆண்டே நடந்ததையும் நாம் படிக்க வேண்டும். நிதி திரட்ட அமெரிக்கா சென்ற தூதுக்குழு, அடிமைகளை வைத்திருந்த சபையாரிடமிருந்தும் வாங்கியது. ஏறக்குறைய 3,000 பவுண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பிவந்த ஃபிரெடரிக் டக்ளஸ், 1846இல் ஸ்காட்லாந்து நகரங்களில் மேடையேறி, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்பச் சொன்னார். திருச்சபை அனுப்பவில்லை.

நீதிமன்றம் சபையின் தலையல்ல என்று அவ்வளவு தெளிவாகக் கண்டவர்களுக்கு, கரோலினாவின் ஞானஸ்நானம் பெற்ற அடிமையும் அதே தலையின் உறுப்பு என்பது ஏன் உறைக்கவில்லை? தலைமையை அதிகார எல்லையாக மட்டும் காத்தார்கள். ஐக்கியத்தை மறந்தார்கள் என்றே எண்ணுகிறேன். பவுல் இரண்டையும் பிரித்துப் பேசியதில்லை. கொலோசெயர் இரண்டாம் அதிகாரத்தில், உடல் முழுவதற்கும் மூட்டுகள் வழியே போஷிப்பு வருவது தலையிலிருந்துதான். தமஸ்கு வழியில் சவுலை மடக்கியதும் இந்த உண்மையே: அடிபட்டவர்கள் விசுவாசிகள், அந்த அடியைத் தம்மேல் விழுந்ததாகச் சொன்னவர் உயிர்த்தெழுந்த கர்த்தர்.

நம் சேகரங்களில் கிறிஸ்துவின் தலைமை பெரும்பாலும் தேர்தல், சொத்து, வழக்கு என்று வரும்போதுதான் நினைவுக்கு வருகிறது. திடப்படுத்தல் வகுப்பில் அதற்கு இடமில்லை. அவரோடு மரித்து அவரோடு எழுந்தோம் என்று ரோமர் ஆறாம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்கு விளக்கும் அதே வேளையில், அவரைச் சபைக்குத் தலை என்னும் எபேசியர் முதலாம் அதிகாரத்தையும் திறந்து வையுங்கள். கல்லறைத் தோட்டம் இன்னும் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கும் ஊர்களில் பிள்ளைகள் உடனே ஒரு கேள்வி கேட்பார்கள். அதை முந்திக்கொண்டு சபைக் கமிட்டியிடம் கேட்க வேண்டியவர் குருவானவர்.