முயலகன் உயரத்திலிருந்து ஒரு மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியகங்கள் துறை இயக்குநர் அவர்களுக்கு,

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைப் பற்றிய ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குகிறேன். பாந்தியன் சாலையில் பதினாறு ஏக்கருக்கு மேல் விரிந்த வளாகம், தனித்தனியாக 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். காலை 9.30 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்குச் சாத்துகிறீர்கள். மொத்தம் 450 நிமிடம். கூடம் ஒன்றுக்குப் பத்தே நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் 460 நிமிடம் ஆகிறது. சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல், ஓரிடத்தில் உட்காராமல் சுற்றினாலும் பத்து நிமிடம் துண்டு விழுகிறது. பெரியவர்களுக்கே கட்டுப்படியாகாத இந்தக் கணக்கைத்தான், கோடை விடுமுறையில் ஐந்து வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் குடும்பங்கள் போட்டுப் பார்க்கின்றன. அதோடு மெரினாவையும் அதே நாளில் சேர்த்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். சின்னக் குழந்தையோடு வருகிறவர்கள் அந்த நாளை எப்படிக் கழிக்கலாம் என்ற திட்டத்தை அருங்காட்சியகமே போட்டுக் கொடுக்கட்டும். அந்தத் திட்டத்தில் மூன்று பொருளுக்கு மேல் இருக்க வேண்டாம்.

திட்டம் போடுவது பெற்றோர் பாடு, அரசு அலுவலகத்துக்கு அதில் என்ன வேலை என்று தோன்றலாம். பெற்றோர் எதைக் கொண்டு திட்டம் போடுவார்கள்? எந்தக் கட்டடத்தில் என்ன இருக்கிறது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக எவ்வளவு தூரம் வெயிலில் நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம், குழந்தை ‘ஒண்ணுக்கு’ என்றால் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்பதெல்லாம் உங்கள் ஊழியர்களுக்குத்தான் தெரியும். வாசலில் நிற்கும் அம்மா அப்பாவுக்குத் தெரிந்தது, வந்ததற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பது மட்டுமே. அதனால் முதல் கட்டடத்திலேயே குழந்தையின் தெம்பு தீர்ந்துவிடுகிறது. நான்காவது கூடத்தில் அது தரையில் உட்கார்ந்துவிட்டால் ‘அடம் பிடிக்குது’ என்கிறோம். 1916-இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளர் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் இந்தக் களைப்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். காட்சிப்பொருள்களைப் பற்றிச் சில கேள்விகளை ஓர் ஆளிடம் கொடுத்து, விடை தேடி அவர் எப்படியெல்லாம் வளைகிறார், தாழ்ந்த பெட்டிகளுக்கு முன்னால் எப்படி மடங்கிக் குந்துகிறார் என்று படம் பிடித்து வெளியிட்டார். களைப்புக்குக் காரணம் பார்வையாளரின் சோம்பல் அல்ல, பொருளை வைத்திருக்கும் விதம் என்பதை அந்தப் படங்களே காட்டின. நூறாண்டு கழித்தும் வளர்ந்தவர் குனிவதைப் பற்றித்தான் பேச்சு. அண்ணாந்தே நடக்கிறவர்களின் கழுத்தைப் பற்றி யாரும் படம் பிடித்ததாகத் தெரியவில்லை.

வெண்கலக் காட்சிக்கூடத்துக்கே வருவோம். திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் நிற்கும் பெரியவரின் கண் நேரே முகத்துக்கும் வீசிய கைக்கும் போகும். ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ மூன்றரை அடி. அதன் கண்ணுக்கு முதலில் படக்கூடியது கீழே காலடியில் கிடக்கும் முயலகன். சிவபெருமானைவிட இந்தக் குள்ளன்தான் குழந்தைக்குப் பக்கத்து ஆள். அவன் ஏன் படுத்திருக்கிறான், அவனுக்கு வலிக்காதா, எழுந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேள்விகள் அங்கிருந்துதான் கிளம்பும். இன்னொன்றும் உண்டு. நம் வீடுகளில் பூஜை அலமாரியில் இருக்கும் சின்ன நடராசரைச் சுற்றி நெருப்பு வளையமாகத் திருவாசி இருக்கும். இந்தச் சிலைக்கு அது இல்லை. விரிந்து பறக்கும் சடையும் இல்லை. ‘இங்கே என்ன காணோம், கண்டுபிடி’ என்று ஒரு வரி இருந்தால் போதும், குழந்தை அந்த வெண்கலத்தைத் தலையிலிருந்து பீடம் வரை அலசிவிடும். கலை வரலாற்று மாணவர்களுக்கு நாம் கற்றுக்கொடுக்கப் பாடுபடுகிற உற்றுப்பார்த்தல் இதுதான். அதற்குப் பதினைந்து நிமிடம் ஆகும். மிச்சமிருக்கும் 45 கூடங்களைப் பற்றி அந்தப் பதினைந்து நிமிடமும் யாரும் நினைவுபடுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவே.

இது புதுக்கருத்து என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். 1851-இல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் காட்டினால் சனங்கள் திரண்டு வருவார்கள் என்று புரிந்துகொண்டவர். 1855-இல் இதே வளாகத்தில் ஒரு விலங்குக் காட்சியைத் தொடங்கினார். பின்னால் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூரில் திறந்த உயிரியல் பூங்காவானது. சென்னைவாசிகள் விலங்குகள் இருந்த இடத்துக்கு ‘உயிர் காலேஜ்’ என்றும், எழும்பூருக்கு ‘செத்த காலேஜ்’ என்றும் பெயர் வைத்தார்கள். கிண்டல்தான். ஆனாலும் இரண்டையும் அவர்கள் ‘காலேஜ்’ என்றே அழைத்ததைக் கவனியுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் போய்க் கற்றுக்கொண்டு வரக்கூடிய இடம் என்ற மரியாதை அந்தச் சொல்லில் இருக்கிறது.

வளாகத்திலேயே சிறுவர் அருங்காட்சியகம் தனியாக இருக்கிறதே என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். இருப்பது நல்லதுதான். ஆனால் அது குழந்தைகளுக்கென்று செய்துவைத்த பொருள்களின் இடம். குழந்தை ஊரிலிருந்து கிளம்பி வருவது மெய்யான பொருளைப் பார்க்க. விலங்கியல் பகுதியில் இருக்கும் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்கு ஈடாக எந்தப் பொம்மையையும் வைத்துவிட முடியாது. ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்து, இந்தியாவில் மனிதன் வாழ்ந்த காலத்தையே பின்னுக்குத் தள்ளிப் போட்டார். அவர் திரட்டிய வரலாற்றுக்கு முந்தைய காலப் பொருள்களை 1904-இல் இந்த அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. தெருவில் கல் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிற வயதுப் பிள்ளைக்கு இதைவிடச் சொந்தமான கதை வேறு இல்லை. திமிங்கிலம், கற்கோடரி, முயலகன்: என் பட்டியல் இது. உங்கள் காப்பாட்சியர்களிடம் இதைவிட நல்ல பட்டியல் இருக்கும்.

அமைதி கெடும் என்பது அடுத்த தடை. லண்டனில் ராயல் அகாதமி அஸ்டெக் கண்காட்சி நடத்தியபோது, ஒரு சிலையைப் பார்த்து ‘ராட்சசன்!’ என்று கத்தியதற்காக இரண்டு வயதுக் குழந்தையை வெளியே அனுப்பினார்கள். குழந்தையின் தாய் டியா பர்க்கெட் பத்திரிகையாளர். அவர் அதை எழுத, அது ஓர் இயக்கமாகி, குழந்தைகளை அருங்காட்சியகங்கள் எப்படி வரவேற்க வேண்டும் என்று வற்புறுத்தும் அமைப்பாகவே நிலைத்துவிட்டது. அந்தப் பிள்ளை சொன்னதில் தவறென்ன? பார்த்ததைச் சரியாகவே சொல்லியிருக்கிறது. நம் ஊரில் கோயில் மண்டபத்தில் குழந்தை ஓடினால் யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. அதே காலத்து, அதே ஊர்ச் சிலை எழும்பூருக்கு வந்தவுடன் மட்டும் நமக்கு ஏன் நூலக மௌனம் வேண்டியிருக்கிறது? ஆராய்ச்சிக்கு வருகிறவர்களுக்கு மௌனம் தேவைதான், மறுக்கவில்லை. காலை 10 மணியிலிருந்து 11.30 வரை குழந்தைகள் நேரம் என்று பலகை மாட்டிவிட்டால், ஆராய்ச்சியாளர் பிற்பகலில் வருவார். குழந்தைக்கும் அதுவே நல்ல நேரம். மதியச் சோற்றுக்குப் பிறகு அது தூங்கி விழும்.

எனக்கே பதில் சொல்லச் சிரமமாக இருக்கும் தடை வேறு. தென்காசியிலிருந்து இரவு ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கும் குடும்பம் மறுபடி எப்போது வரும்? அவர்களிடம் போய் மூன்று பொருள் போதும் என்பது, ‘விருந்துக்கு வந்தீர்களா, இந்தாருங்கள் மூன்று கவளம்’ என்பதுபோல ஆகாதா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அதனால் கட்டாயம் எதுவும் வேண்டாம். எல்லாக் கதவும் இப்போது போலத் திறந்தே இருக்கட்டும். முதல் மூன்றைப் பார்த்து முடித்தபின் தெம்பும் ஆசையும் இருப்பவர்கள் ஆதிச்சநல்லூர்ப் பொருள்களுக்கோ அமராவதிச் சிற்பங்களுக்கோ போகலாம். தெம்பு போனவர்கள் குற்றவுணர்வு இல்லாமல் மரத்தடியில் உட்காரலாம். ‘இவ்வளவு தூரம் வந்து பார்க்காம விட்டுட்டோமே’ என்ற மனக்குறையைத் தீர்ப்பது அருங்காட்சியகம் கொடுக்கும் அந்த ஒரு தாளால்தான் முடியும். அரசே ‘இது போதும்’ என்று அச்சடித்துக் கொடுத்தால் நம் மக்கள் நம்புவார்கள். தவிர, உங்கள் துறையின் கீழ் மாவட்டங்களிலும் அருங்காட்சியகங்கள் இருக்கின்றன. புதுக்கோட்டையில் இருப்பது 1910-இல் தொடங்கியது. மிச்சத்தை ஊர்ப்பக்கத்தில் எங்கே பார்க்கலாம் என்று தாளின் பின்பக்கத்தில் போடுங்கள்.

தொட்டால் கெடும் என்பதில் எனக்கு வாதமே இல்லை. விரல் வியர்வை வெண்கலத்துக்கும் ஆகாது, அமராவதிச் சுண்ணாம்புக்கல்லுக்கும் ஆகாது. ஆனால் தொடாமல் ஒரு குழந்தை எதையும் நம்பாது. இந்த வெண்கலங்களை வார்த்த அதே முறையில்தான் சுவாமிமலையில் இன்றும் வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, காவிரி வண்டலைப் பூசி, காயவைத்துச் சுட்டு, மெழுகு உருகி ஓடியபின் அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அந்த நான்கு நிலையிலும் நின்றுபோன நான்கு முயலகன்களை வாங்கி ஒரு மேசைமேல் வையுங்கள். மெழுகு முயலகனை நகத்தால் கீறட்டும், மண் முயலகனைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை அறியட்டும். உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஸ்தபதிக்கும் வேலை கிடைக்கும்.

செலவைப் பற்றி நிதித்துறை கேட்கும். கீழடியில் 2023-இல் திறந்த அருங்காட்சியகத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழித்தோம், தகும். இங்கே நான் கேட்பதில் கட்டடமே இல்லை. தமிழில் ஒரு பக்கத் தாள், மூன்று பொருளுக்கு முன்னால் ஏறி நிற்க மூன்று மர முக்காலி, பக்கத்தில் ஒரு பெஞ்சு, காலையில் வாங்கிய சீட்டைக் காட்டி மாலைவரை வெளியே போய்ச் சாப்பிட்டுத் திரும்பலாம் என்று சீட்டிலேயே ஒரு வரி. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் அந்தத் தாளில் பெரிதாகப் போட்டுவிடுங்கள். ஞாயிறு, திங்கள் விடுமுறைக்குப் பழகிய குடும்பம் வெள்ளியன்று பூட்டிய கேட்டுக்கு முன்னால் குழந்தைக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிராது.

46 கூடங்களிலும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டாம். வரும் கோடை விடுமுறைக்கு வெண்கலக் கூடத்தில் மட்டும் தொடங்கிப் பாருங்கள். திருவாலங்காட்டுச் சிலையின் பீடத்துக்குக் கீழே, தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், பெரிய எழுத்தில் ஒரு பலகை: ‘இவன் பெயர் முயலகன். இவன் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்?’ அதைப் படிக்கப் பெரியவர்கள் குனியட்டும்.

இப்படிக்கு,
அருங்காட்சியகத்தின் பார்வையாளர் ஒருவர்