எருதுக்கண்ணும் பனங்கள்ளும்

துருக்கியில் இரண்டு திராட்சை வகைகள் உண்டு. ஒன்றின் பெயர் ஒக்குஸ்கொசு. 'எருதுக்கண்' என்று பொருள். மற்றொன்று போவாஸ்கெரெ, 'தொண்டையை எரிப்பது' என்று பொருள். முன்னது சாறு மிகுந்தது. பின்னது துவர்ப்பு மிகுந்தது. இரண்டையும் கலந்து அந்நாட்டுக்குப் பெயர் வாங்கித் தந்த சிவப்பு ஒயினைச் செய்கிறார்கள். 1920-ல் மதுவிலக்குச் சட்டம் இயற்றி 1924-ல் கைவிட்ட தேசம் அது. பின்னர் அரசாங்கமே மது வியாபாரத்தில் இறங்கியபோதும், உள்ளூர்க் குடியானவனின் இந்தத் திராட்சைகளை வாங்கித்தான் ஒயின் செய்தது. பட்டிக்காட்டுப் பெயர் என்று கூச்சப்படவில்லை.

நம்மிடமும் அரசாங்க வியாபாரம் உண்டு. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 2003-லிருந்து சில்லறைக் கடையும் அதனுடையதே. அங்கே விற்கும் பிராந்திக்கும் விஸ்கிக்கும் சர்க்கார் வைத்திருக்கும் பெயரைப் பாருங்கள்: 'இந்தியாவில் தயாராகும் அயல்நாட்டு மது'! பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயம். அதற்கு நிறமும் மணமும் ஏற்றி, சீமைப் பெயர் ஒட்டுகிறார்கள். நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால்.

மரக்காணத்து உப்பளங்களைத் தாண்டிக் கூனிமேட்டுக்கு வாருங்கள். இந்தக் கரையில் பாளை சீவிக் கட்டிய கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே பொங்கிக் கள். சாதாரணமாக நூற்றுக்கு ஐந்தாறு பங்குக்குள் ஆல்கஹால். சுண்ணாம்பு தடவினவன் தொழிலாளி, தடவாதவன் குற்றவாளி! 1987 ஜனவரி முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டில் இதுதான் நியாயம். தெற்கே சில மைல் நடந்து புதுச்சேரி எல்லைக்குள் கால் வைத்தால், அதே கள்ளுக்குச் சட்டம் வழிவிடுகிறது. பனையை மாநில மரமென்று கொண்டாடுகிறோம். அதன் சாற்றுக்கு மட்டும் விலங்கு.

இது புதுப்பழக்கமும் அல்ல. மரக்காணம்தான் என்று அறிஞர் பலர் கருதும் எயிற்பட்டினத்தில், நுளைமகள் அரித்த முதிர்ந்த தேறலைப் பரதவர் பாணர்க்கு வழங்குவதைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது.

"கள்ளில் கலப்படம் செய்வார்களே!" என்கிறார்கள். செய்வார்கள். பாலிலும்தான் செய்கிறார்கள், அதற்காக மாட்டைக் கைது செய்கிறோமா? "குடி, குடியைக் கெடுக்கும்" என்று ஒரு தாய் சொன்னால் நான் கைகூப்பி நிற்பேன். அவள் சொல் சத்தியம். ஆனால் அதையே பாட்டிலை விற்கிறவர்கள் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். கள் கிடைத்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். கள்ளுக்குப் போட்ட தடை அவர்களைக் காக்கவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

பூரண மதுவிலக்கு வரட்டும். எல்லாக் கடைகளையும் மூடட்டும். அன்றைக்கு இந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். அதுவரையில் மரத்துக்கு எண் கொடுங்கள், ஏறுகிறவனுக்கு உரிமம் கொடுங்கள், கலயத்தைச் சோதியுங்கள், தவறு செய்தால் தண்டியுங்கள். ஆலைக்காரனுக்குக் காட்டும் மரியாதையில் பாதியையாவது பனையேறிக்குக் காட்டுங்கள். அவன் கேட்பது சலுகை அல்ல, ஒரே தராசு.