காவலுக்குத் தனி வழி வேண்டும்

ரயில் முன்பதிவாயினும், வங்கிக் கணக்காயினும், மின்கட்டணமாயினும், இன்று நாம் கைப்பேசியில் முடித்துக்கொள்ளும் காரியம் எதுவும் ஒரே கணினியை நம்பி நடப்பதில்லை. ஒரே செயலியின் பல பிரதிகள் வெவ்வேறு ஊர்களிலுள்ள சர்வர்களில் இடையறாது ஓடிக்கொண்டிருக்க, அவை ஒவ்வொன்றும் பதில் சொல்ல எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது, எத்தனை பிழைகள் நேர்கின்றன என்பதைக் கண்காணிப்பு மென்பொருள் ஓயாமல் விசாரித்து, அளவு மீறிய கணமே பொறியாளரை எழுப்பிவிடுகிறது. அவரும் இருந்த இடத்திலிருந்தே பழுதான பிரதியை நிறுத்தி, மற்றொன்றை அதன் ஸ்தானத்தில் இயக்கிவிடுகிறார். இது அபூர்வமான சாமர்த்தியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் காண்கிற கண்ணும் இயக்குகிற கையும், தாம் காக்க வந்த அமைப்பையே ஆதாரமாகக் கொண்டு நிற்குமாயின், அந்தச் சாமர்த்தியம் மிகவும் அவசியமான வேளையில்தான் நம்மைக் கைவிடும்.

2017 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில், அமேஸானின் எஸ்3 என்னும் சேமிப்புச் சேவையில் சில சர்வர்களை மட்டும் விலக்க எண்ணி இட்ட கட்டளை ஒன்று, தட்டச்சுப் பிழையால் மிகப் பலவற்றை விலக்கிவிட்டது. சேவை முழுமையாக மீளச் சுமார் நான்கு மணி நேரமாயிற்று. அதைவிட விசாரத்துக்குரியது, சேவைகளின் நிலையை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும் பக்கத்தை நிர்வகிக்கும் கருவியே எஸ்3-ஐச் சார்ந்திருந்தமையால், ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்பக்கத்தில் சேவைகளின் நிலையைத் திருத்த இயலாமற்போனதுதான். நோயைச் சொல்ல வேண்டிய வாய்க்கே நோய் வந்துவிட்டது.

2021 அக்டோபர் 4 இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர் நம் ஊர்களிலும் வாட்ஸப் ஊமையானது பலருக்கு நினைவிருக்கும். வாட்ஸப்பை நடத்திய பேஸ்புக் நிறுவனத்தின் தரவு மையங்களை இணைக்கும் சொந்த வலையமைப்பின் கொள்ளளவை மதிப்பிடுவதற்காக இட்ட கட்டளை, அந்த இணைப்புகள் அனைத்தையும் ஒருங்கே துண்டித்துவிட்டது. இத்தகைய கட்டளைகளைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே அமைத்திருந்த பரிசோதனைக் கருவியிலும் ஒரு பிழை இருந்தது. தரவு மையங்களை எட்ட முடியாமற்போன, தளப் பெயர்களை இணைய முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர்கள், தம்மை அடையும் வழியை இணையத்துக்கு அறிவிப்பதைத் தாமே நிறுத்திக்கொண்டன. தொலைவிலிருந்து பழுது பார்ப்பதற்குரிய உட்கருவிகளும் அவற்றோடு சேர்ந்து முடங்கின. கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க வேண்டிய பாதாளக்கரண்டி, அந்த வாளியோடேயே கிணற்றில் விழுந்துவிட்ட கதைதான் இது. ஆபத்துக்கென்று வைத்திருந்த மாற்று வலையமைப்பும் உதவவில்லை. முடிவில் பொறியாளர்கள் தரவு மையங்களுக்கே நேரில் போய், எளிதில் எவரும் நுழையலாகாதென்று கட்டப்பட்ட காவல்களைக் கடந்து, கருவிகளைக் கையால் தொட்டுச் சீர்செய்ய வேண்டியதாயிற்று. ஆறு மணி நேரம் கழிந்தது.

ஆகவே காவலுக்கு, அது காக்கும் அமைப்பைச் சாராத தனி வழி வேண்டும். அப்படித் தனி வழி அமைப்பது வீண் செலவென்றும், ஒவ்வொரு புதிய வாசலும் திருடனுக்கும் திறந்துவிடுமென்றும் அனுபவசாலிகள் சொல்லும் ஆட்சேபம் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. வாசலுக்குப் பூட்டு வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். அந்தப் பூட்டு, உள்ளே விழுந்து கிடக்கும் அதே அமைப்பின் அனுமதியைக் கேட்டுத் திறப்பதாக இருக்கக் கூடாதென்பதே என் வாதம். அமேஸான் தன் கருவியைத் திருத்தி, சர்வர்களை மெதுவாக மட்டுமே விலக்கவும், இன்றியமையாத அளவுக்குக் கீழே குறையாமல் தடுக்கவும் வகைசெய்தது. நிலையறிவிப்புக் கருவியையும் பல பிரதேசங்களில் இயங்கும்படி மாற்றியது. இதற்குப் பெரிய மேதாவிலாசம் எதுவும் தேவைப்படவில்லை.

ஆதலால், பொதுப்பணத்தில் இணையச் சேவை கட்டும் துறைகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன், கண்காணிப்பு எந்தச் சர்வரில் இயங்குகிறது, நிலையறிவிப்பு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, பிரதான வழி அடைபட்டால் பொறியாளர் எவ்வழியே உள்ளே செல்வார் என்பவற்றை எழுத்துமூலம் பெற வேண்டும். ஏட்டில் பெற்றால் மட்டும் போதாது. பேஸ்புக் நிறுவனம் பெரும் பழுதுகளுக்கு நெடுங்காலமாக ஒத்திகை நடத்தி வந்திருக்கிறது. மீண்டெழுகையில் அந்தப் பழக்கம் அதற்குக் கைகொடுக்கவும் செய்தது. எனினும் முழு வலையமைப்பும் ஒருங்கே அற்றுப்போகும் நிலையை மட்டும் அதற்குமுன் அது ஒத்திகை பார்த்ததில்லை. நம் துறைகளோ ஆண்டுக்கு ஒருமுறையேனும், முன்கூட்டி அறிவித்த ஒரு பின்னிரவில், பிரதான வழியை வேண்டுமென்றே அடைத்து மாற்று வழி தாங்குகிறதா என்று பார்த்து, கண்ட முடிவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும்.